முந்நூறு மீட்டர் ஆழத்திலிருந்து வந்த பச்சைக் கண்

காலை ஆறு மணிக்குக் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் இறங்கினேன். பண்ருட்டியில் விலங்கியல் ஆசிரியையாக இருக்கும் என்னை வரச் சொன்னவர் விசைப்படகு ஓட்டும் ஆறுமுகம். அவருடைய மகள் என்னிடம் படித்தவள்.

கோழித் தீவனத்துக்குப் போகவிருந்த கழிசல் மீன் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். ஒரு சாண் நீளம்கூட இல்லை. தலையில் பாதி கண்தான், பச்சையாக மின்னியது.

"நூத்தம்பது பாகம் ஆழத்துல கெடச்சது டீச்சர். எது வயித்த அறுத்தாலும் முட்டை. ஒரு ஆண் மீனுகூட சிக்கல. பொட்டைய மட்டும் வாரிக்கிட்டு வர்றோமோன்னு மனசு உறுத்துது."

சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் என் தோழி தேன்மொழி மீன்களை ஆராய்கிறாள். இருபது ரூபாய்க்கு ஐஸ் வாங்கி, நான்கு மீன்களை டப்பாவில் வைத்துக்கொண்டு 7.20 பேருந்தில் ஏறினேன்.

"மீனா? வாடை ஜாஸ்தியா வருதே" என்று முகம் சுளித்த நடத்துநர், மூடியைத் திறந்து காட்டியதும் டிக்கெட் கிழிக்க மறந்து நின்றார். "இன்னாம்மா இது, டார்ச் லைட்டு கணக்கா இருக்குது கண்ணு!"

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் கடந்து, வெள்ளாற்றுப் பாலம் ஏறி, சுமார் நாற்பது கிலோமீட்டர் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் பாதி கரைந்துவிட்டது.

"கிட்டத்தட்ட முந்நூறு மீட்டர் ஆழம். வெளிச்சம் அங்க மங்கிப் போயிடும், அதான் இவ்ளோ பெரிய கண்ணு" என்றாள் தேன்மொழி. வயிற்றைக் கீறி, இனப்பெருக்க உறுப்பிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவள் என்னை அழைத்தாள். முட்டைகள் தெரிந்தன. அதே உறுப்பின் ஓரத்தில் விந்தணுக்கள்! நான்கு மீன்களிலும் அப்படியே.

"ஆணத் தேட வேணாம்டி. ஒவ்வொண்ணும் ரெண்டுமா இருக்கு."

அங்கிருந்தே ஆறுமுகத்தைப் போனில் அழைத்துச் சொன்னேன்.

"அப்போ நான் வாரிப்போட்ட ஒவ்வொண்ணும் முட்டை போடுறதுதானா?"

"ஆமாங்க."

"கீழ இன்னும் எவ்ளோ இருக்கும் டீச்சர்?"

தேன்மொழியைப் பார்த்தேன். உதட்டைப் பிதுக்கினாள். "தெரியலைங்க" என்றேன்.

மதியம் இரண்டரைக்கு ஊர் திரும்பும் பேருந்தில் அமர்ந்தேன். எங்கள் பண்ருட்டியில் பலா மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் எத்தனை காய் என்று எண்ணிவிடலாம். எதை விட்டுவைக்க வேண்டும், எதைப் பறிக்கலாம் என்று முடிவு செய்யலாம். ஆறுமுகத்துக்கு அந்த வசதி இல்லை. வலை மேலே வந்த பிறகுதான் அவருக்குத் தெரிகிறது.