சித்தப்பாவை உட்கார வைத்த கதை

இன்று ஆரணி பேங்கில் மேனேஜரைக் கண்டதும் என் சித்தப்பா எழுந்து சல்யூட் அடித்தார். எனக்கு எழுபதுகள் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் முழங்காலில் குண்டடி பட்டுப் பட்டாளத்திலிருந்து வந்திருந்தார். ஊனத்துக்கான பென்ஷன் கேட்டுப் போன இடத்தில், மிலிட்டரி டாக்டருக்குத் தரை அதிரக் காலை உதைத்து ஒரு சல்யூட். வலியைக் காட்டாமல் விறைப்பாக நின்றார்.

"கால் நல்லாத்தானே இருக்கு?"

மனு தள்ளுபடி.

அப்பீலுக்குத் தறியை நிறுத்திவிட்டுச் சித்தியும் கூடப் போனார். "எழுந்துக்கவே கூடாது" என்று வழியெல்லாம் சொல்லியும், அங்கேயும் அதே சல்யூட்.

சித்தி தலையிலடித்துக்கொண்டார்.

"சார், ஒதச்ச காலு பூட்டிகினு நிக்குது. இப்ப உட்காரச் சொல்லிப் பாருங்க!"

டாக்டர் சொன்னார். கால் மடங்கவில்லை. டாக்டரும் சித்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் உட்கார வைத்தார்களாம். பென்ஷன் கிடைத்தது.

இன்று அந்த வேலையை மேனேஜரும் நானும் செய்தோம்.

அடுத்த தடவைக்கு யார் வருகிறீர்கள்? மேனேஜர் லீவு போடப் போகிறாராம்.