ஆறுதலா இருங்கோ

பிரிக்பீல்ட்ஸில் புதிதாகத் திறந்திருக்கும் காப்பிக் கடை ஒன்றில், பழைய ரேடியோ கேசட்டுகளை அலமாரி நிறைய அடுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் கேசட் போடும் சின்னக் கதவு, மேலே தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி. அழைத்துப் போனது என் மகள்தான். இப்போது இதற்கெல்லாம் பெரிய மவுசு அம்மா, தேடிப் பிடித்து வாங்குகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஒன்றிலாவது பேட்டரி இருக்க வேண்டுமே! பிள்ளைகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். நான் எழுந்துபோய் ஒன்றின் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். அது தனியாக இறங்காது. பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து இரண்டு விரலால் அழுத்தினால்தான் நம் குரல் பதியும். என் தம்பி அதை அழுத்தும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வான்.

எழுபதுகளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. அம்மா அப்பா கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தார்கள். தம்பிக்கும் ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்ததும் எங்களோடு வந்து தங்கிவிட்டான். முதல் போனஸில் அவன் தனக்கு ஒரு நல்ல சட்டை வாங்கவில்லை, அம்மாவுக்குச் சேலை வாங்கவில்லை. தொட்டில் பிள்ளையை ஏந்துகிற மாதிரி ஒரு ரேடியோ கேசட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் பாட்டுக்கு அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, என் நல்ல மேசைவிரிப்பை எடுத்து மூடினான். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து உள்ளே துடைப்பது, நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றி எடுப்பது என்று ஓய்ந்த நேரமெல்லாம் அதோடுதான் குடும்பம் நடத்தினான். அக்கம்பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து என்றால் முதலில் ரேடியோ கேசட்டைக் கூப்பிடுவார்கள், பிறகுதான் எங்களை.

அப்படித்தான் கோயில் நவராத்திரிக்கும் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு சிலோன் வீட்டுப் பெண். இங்கே யாழ்ப்பாணத் தமிழர்களை அப்படித்தான் சொல்வோம். அவள் அப்பா அரசாங்க அலுவலகத்தில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் எல்லோரும் ஆங்கிலப் படிப்பு. எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருதான். ஆனால் அவர்கள் எங்களைப் பார்க்கும் பார்வைக்கும் நாங்கள் அவர்களைப் பார்க்கும் பார்வைக்கும் நடுவே கடலே இருந்தது. அந்தப் பெண் மட்டும் அப்படி இல்லை. பாட்டை நிறுத்தச் சொல்லி, திரும்பப் போடச் சொல்லி என் தம்பியை அந்த ஒன்பது நாளும் பாடாய்ப் படுத்தினாள். எதற்கும் மசியாத அவன், நாய்க்குட்டி மாதிரி சொன்னதையெல்லாம் கேட்டான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

அடுத்த வருஷம் அவள் நர்ஸ் படிப்புக்கு இங்கிலாந்து போனாள். அப்போது நிறையப் பெண்கள் போனார்கள். எப்படித் தொடர்பு வைத்துக்கொள்வது என்பதுதான் பெரிய பாடாகப் போயிற்று. அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. தம்பி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். அவனுடைய ஆங்கிலம் ஸ்டேஷன் பெயர்ப் பலகையோடு சரி. இன்னொருவரிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்கிற விஷயமா இது? அதனால் கேசட்தான் என்று முடிவு செய்தார்கள். அவள் பேசி அனுப்புவாள். இவன் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் பேசித் திருப்பி அனுப்புவான். தபாலில் போய் வர வாரக்கணக்காகும். அந்த வாரங்களில் அவனோடு ஒரு வார்த்தை பேச முடியாது, சிடுசிடுவென்று இருப்பான்.

பிற்பகலில் பட்டறை விட்டு வந்ததும், என் வீட்டுக்காரர் இன்னும் வேலையில் இருக்கும்போதே கேசட்டைப் போடுவான். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்வான். தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு அவள் பேச்சு பாதி புரியாது. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? பிரிக்பீல்ட்ஸில் சில வருஷம் இருந்த பழக்கத்தில் அவனைவிடக் கொஞ்சம் தேவலை. ஓம் என்றால் ஆமாம், கதைப்பது என்றால் பேசுவது, வடிவு என்றால் அழகு என்று சொல்லிக்கொடுப்பேன். "இங்க சரியான குளிர்" என்று அவள் சொன்னபோது, குளிரில் சரியான குளிர் எது, தவறான குளிர் எது என்று கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அதே பேச்சை வேலைக்குப் போகும்போது அவனே சொல்லிப் பார்ப்பான். சரியான வெயில், சரியான பசி. நான் கேலி செய்தால் முகம் சிவந்துபோகும். அந்த வீட்டில் நான் கேட்ட நல்ல சிரிப்பெல்லாம் அந்த ஒன்றரை வருஷத்துச் சிரிப்புதான்.

பிறகு அம்மா பிடிவாதம் பிடித்தாள். கிள்ளானில் மாமா மகள் காத்திருக்கிறாள், முறைப்பெண்ணை விட்டுவிட்டு எவளைத் தேடப்போகிறாய் என்று வாராவாரம் ஆள் அனுப்பினாள். தம்பிக்கு வேறு வழி தெரியவில்லை. ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த இரண்டு பொத்தானையும் அழுத்திப் பேசினான். என்ன பேசினான் என்று பிறகு என்னிடம் சொன்னான். உங்கள் அப்பாவிடம் நான் வந்து பெண் கேட்கட்டுமா, ஒரே வார்த்தையில் பதில் சொல் என்று கேட்டிருக்கிறான். அந்தக் கேசட் போய்ப் பதில் வருகிற வரைக்கும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

பதில் வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். எப்போதும் கலகலவென்று பேசுகிறவள் அன்றைக்கு நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "அப்பாட்ட இப்ப கேட்டா ஓமெண்டு சொல்ல மாட்டார். இங்க இருந்துகொண்டு என்னால ஒண்டும் செய்ய ஏலாது. நீங்கள் ஆறுதலா இருங்கோ. ஆறுதலாக் கதைப்பம்." அவ்வளவுதான். பிறகு நாடா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தம்பி திரும்பப் போட்டுக் கேட்டான். நானும் கேட்டேன். அதில் புரியாத சொல் என்று ஒன்றுகூட இல்லை. ஒண்டும் என்றால் ஒன்றும், ஏலாது என்றால் முடியாது. எல்லாம் நாங்கள் படித்து வைத்திருந்த சொற்கள்தான். ஆறுதலை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? எழவு வீட்டில் சொல்வது, பரீட்சையில் தோற்ற பிள்ளைக்குச் சொல்வது. அப்பா சம்மதிக்க மாட்டார், என்னால் முடியாது, மனதைத் தேற்றிக்கொள் என்று அவள் சொல்லிவிட்டாள் என்றுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் யாரிடமாவது கேட்டிருப்போம். தெரிந்த சொல்லாகப் போய்விட்டது, பாவி. தம்பி கேசட்டை வெளியே எடுத்தான். "ஆறுதலுக்குப் பேசறதுக்கு நான் என்ன எழவு வீட்லயாக்கா உக்காந்திருக்கேன்?" என்றான். அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அவன் குளிக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் அந்தச் சிவப்புப் பொத்தானைத் தொடவில்லை. அடுத்த மாதமே கிள்ளானுக்குப் போய், அம்மாவிடம் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு வந்தான். பத்திரிகை அடித்த பிறகு, கோயிலில் அவளோடு சேர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தோழி ஒருத்தியைப் பாசாரில் காய்கறி வாங்கும்போது பார்த்தேன். அவளும் சிலோன் வீட்டுப் பெண்தான். உங்கள் தம்பியிடமிருந்து கேசட்டே வரவில்லையாம், கேட்டு எழுதியிருக்கிறாள் என்றாள். கல்யாணம் முடிவாகிவிட்டதைச் சொன்னேன். கையில் இருந்த கீரைக்கட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். "அப்படி என்ன அவசரம் அவருக்கு?" என்று கேட்டாள். எனக்கு வந்ததே கோபம்! முடியாது என்று சொன்னதும் நீங்கள், இப்போது அவசரம் என்று குறை சொல்வதும் நீங்களா என்று மனதுக்குள் கறுவிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் பெண் படிப்பு முடிந்தும் திரும்பி வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மாமா மகள் நல்ல பெண். இதைச் சொல்லாமல் விட்டால் என் நாக்கு அழுகிப்போகும். வந்த நாளிலிருந்து முகம் சுளிக்காமல் குடும்பம் நடத்தினாள். மூன்று பிள்ளைகள். பூச்சோங்கில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். ரேடியோ கேசட் பழுதாகி, பழைய இரும்புக்காரனின் லோரியில் ஏறிப் போயிற்று. அந்த வீட்டில் பெரிய மினி காம்போ வந்தது. அதில் பாட்டுப் போடுவது பிள்ளைகள்தான். தம்பிக்குப் பாட்டில் அவ்வளவு ஆசை இல்லை என்று அவள் சொல்வாள். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

தொண்ணூறுகளில் என் மகளுக்குச் சிலோன் வீட்டு மாப்பிள்ளை அமைந்தது. பிள்ளைகள் விரும்பினார்கள், இரண்டு வீட்டிலும் ஒருவரும் மூச்சுவிடவில்லை. காலம் அப்படி மாறிப்போயிருந்தது. அம்பாங்கில் இருந்த சம்பந்தி வீட்டுக்கு ஒரு மத்தியானம் பலகாரம் கொண்டுபோயிருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்து, "என்ன அவசரம், ஆறுதலாப் போகலாம். சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாருக்கு என்ன ஆயிற்று, எதையாவது என்னிடம் மறைக்கிறார்களா என்று ஒரு நிமிஷம் பதறிப்போனேன். மாப்பிள்ளை சிரியோ சிரி என்று சிரித்தார். ஆறுதலாக என்றால் நிதானமாக, அவசரப்படாமல் என்று அர்த்தம் என்றும், அவர்கள் வீட்டில் நாள் முழுக்கப் புழங்குகிற சொல் என்றும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கேசட்டில் கேட்ட அந்தக் குரல் ஞாபகம் வந்தது.

அவசரப்படாதீர்கள், பொறுங்கள், நேரம் வரும்போது பேசலாம் என்றல்லவா அவள் சொல்லியிருக்கிறாள்! காத்திரு என்று சொன்ன பெண்ணை, கைவிட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தோமே. பஸ்ஸில் வரும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண் டிஷ்யூ கொடுத்தாள்.

சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அடங்கிப்போனதைக் கிளறிய மாதிரி. சொல்லாவிட்டால், அவள் தன்னை வேண்டாம் என்றுவிட்டாள் என்ற எண்ணத்தோடேயே என் தம்பி போய்ச் சேருவான். அது அநியாயம் இல்லையா? இரண்டு வாரம் மனதில் போட்டுக் குழப்பிவிட்டு, ஒரு விஷயம் பேசணும்டா என்று போன் செய்து, பூச்சோங்குக்குப் போனேன். அவன் மட்டும் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்ல நினைத்தேன். தம்பி பெண்டாட்டி எங்கே விட்டாள்? தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். நான் படபடப்பில் கோப்பையை வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டேன்.

"ஐயோ, சூடு அண்ணி. ஆறுதலா குடிங்க" என்றாள்.

கிள்ளான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் வாயில் அந்தச் சொல் எப்படி வந்தது? கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இது எந்த ஊர்ப் பேச்சு என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "எல்லாம் உங்க தம்பி பேச்சுதான் அண்ணி. கல்யாணம் ஆகி வந்த புதுசுல ஒரு நாள் இப்படிச் சொன்னாரு. நான் பயந்துட்டேன், யாரும் செத்துப்போயிட்டாங்களான்னு. அப்புறம் அவருதான் சொன்னாரு, மெதுவான்னு அர்த்தமாம். பட்டறை ஆபீஸ்ல சிலோன்காரவங்க பேசிக் கேட்டாராம். இப்ப பிள்ளைங்களும் அப்படித்தான் பேசுதுங்க."

கல்யாணம் ஆகி வந்த புதிதில். அப்படியானால் தாலி கட்டின ஈரம் காய்வதற்குள்ளேயே அவனுக்குத் தெரிந்துவிட்டிருக்கிறது. யாரோ ஒரு குமாஸ்தா வேலை நடுவில் சாதாரணமாகச் சொல்லியிருப்பான். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற என் தம்பியின் முகத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷமும் அக்காவிடம்கூட அவன் மூச்சுவிடவில்லை. பெண்டாட்டியிடம், பிள்ளைகளிடம் நிதானமாகச் செய் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம் அந்தப் பெண்ணின் சொல்லையே சொல்லிச் சொல்லி வாழ்ந்திருக்கிறான்.

அவனைப் பார்த்தேன். அவன் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தான். அவள் உள்ளே போனதும், "என்னமோ பேசணும்னு போன் பண்ணியே, என்னக்கா?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல லா. சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன்.

அவன் என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்தான். பிறகு, "சம்பந்தி வீட்டுக்குப் போய் வர்றியாமே, அவங்க பேச்சு இப்ப உனக்கு நல்லா புரியுதா?" என்று மெதுவாகக் கேட்டான். புரிகிறது என்று தலையை ஆட்டினேன். அவன் ஒரு வடையை எடுத்து என் தட்டில் வைத்தான்.

தம்பி போய்ச் சில வருஷம் ஆகிறது. அன்றைக்குத் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அவன் பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆறுதலாக இரு, ஆறுதலாக இரு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சமையல்கட்டில் என்னிடம் வந்து அவள் கேட்டாள், "நாப்பது வருஷமா இந்த வீட்ல இதுக்கு வேற அர்த்தம் அண்ணி. இவங்க எந்த அர்த்தத்துல சொல்றாங்கன்னே எனக்குப் புரியல." நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவனுக்காக அழுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவனுக்காக மட்டும் இல்லை.