வேலியோரத்து டெஸ்

ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் எங்கள் மாலிப் பக்கத்தில், ஃபுட்டி என்கிற எங்கள் நாட்டுக் கால்பந்து மைதானத்தைச் சுற்றி வேலியோரம் கார்களை நிறுத்திக்கொண்டுதான் ஆட்டம் பார்ப்போம். எங்கள் பையன்கள் கோல் போட்டால் எல்லாக் காரும் ஹார்ன் அடிக்கும். அதையும் மீறிக் கேட்கும் தொண்டை கோதுமை விவசாயி டெஸ்ஸுடையது. அம்பயர்களைத் திட்டுவதுதான் அவனுடைய சனிக்கிழமைத் தொழில். அதிலும் கோரி அம்பயராக வந்துவிட்டால் போதும், கோரியின் பரம்பரையே சந்திக்கு வந்துவிடும்.

போன குளிர்காலத்தில் டெஸ்ஸுக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் வந்தது. ஆண் ஹார்மோனை அடக்க ஊசி போட்டார்கள். கட்டி அடங்கியது, ஆளும் மாறிப்போனான். டிராக்டர் விளம்பரத்தைப் பார்த்து அழுதான். திடீர் திடீரென்று உடம்பு தீயாய் எரிந்தது. நான் மைதானத்துக் கேன்டீனில் சாசேஜும் ரொட்டியும் விற்கிறவள், மாதவிடாய் நின்ற வயது, எனக்கும் அதே எரிச்சல்தான். என்னிடம் ஈரத்துண்டு வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வான்.

"இதைத்தான் நீங்கெல்லாம் வருஷக்கணக்கா சத்தமில்லாம தாங்குறீங்களா, மர்லீன்?" என்றான்.

சத்தமில்லாமலா? என் புருஷனைக் கேட்டிருக்க வேண்டும்.

ஊசி கட்டியோடு நிற்காது, மூளைக்குள் கோபமும் அழுகையும் ஓடுகிற பாதைகளையும் தொட்டுப் பார்க்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். டெஸ்ஸுக்குச் சாவைப் பற்றிக்கூட அவ்வளவு பயமில்லை. கூட்டாளிகள் முன்னால் அழுதுவிடுவோமோ என்றுதான் பயந்தான். ஆட்டத்துக்கு வந்தாலும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே கிடந்தான். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று ஓடிவந்த இரண்டு பையன்கள் கோரிமேல் மோதிவிட்டார்கள். மூக்கில் ரத்தம் வழிய அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கூட்டம் சிரித்தது. ஒரு கார்க் கதவு திறந்தது. டெஸ் வேலியைத் தாண்டிப் போய், கழுத்திலிருந்த ஈரத்துண்டை எடுத்துக் கோரியின் மூக்கில் வைத்தான்.

"உனக்கும் வீட்டுல பிள்ளைகுட்டி காத்திருக்கும்ல" என்று சொன்னவன், ஊர் பார்க்கத் தேம்பித் தேம்பி அழுதான்.

சிரிப்பு நின்றது. டெஸ் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தான். அப்போது அவனுடைய கூட்டாளி பேரி தன் காரின் ஹார்னை அழுத்தினான். அடுத்த கார் அடித்தது, அதற்கடுத்த கார் அடித்தது, பிறகு மைதானத்தைச் சுற்றி எல்லாக் காரும் அடித்தன. யாரும் கோல் போட்டிருக்கவில்லை.

டெஸ் காருக்குள் போகவில்லை. வேலியோரம் தன் பழைய இடத்தில் நின்றுகொண்டான். மூக்கில் பஞ்சோடு எழுந்த கோரி, கொஞ்ச நேரத்தில் எங்கள் பையனுக்கு எதிராக விசில் ஊதினான்.

"மூக்குதானேடா உடைஞ்சுது, கண்ணுமா போச்சு?" என்று கத்தினான் டெஸ், தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.