பட்டம் கட்டுமுன் வாங்கிய சத்தியம்

ஜெயமலரின் கையில் ஒரு ராஜாவைக் கொடுத்தால் அவன் யோக்கியனாகத் திரும்பி வரமாட்டான். நியூ ஜெர்சியின் தென்கோடியில், டெலவேர் ஆற்றங்கரையில் சுவீடன்காரர்கள் குடியேறிய கதையைச் சொல்லும் ஒரு சின்ன மியூசியம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே சம்பளமில்லாத வழிகாட்டியாக நிற்கிறாள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். குழாயில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பாதே, ஆளைக் கேள் என்பது அங்கே படித்த பாடம். இப்போது அந்தப் பாடம் செத்துப்போன ராஜாக்களின் தலையில் விடிந்திருந்தது.

சுவீடனின் பழைய ராஜா குஸ்தாவ் வாசா லூத்தரின் சீர்திருத்த உபதேசத்தை ஆதரித்தான் என்று சுவர்ப் பலகை சொல்லும். உபதேசத்தையா, மடங்களின் நிலபுலன்களையா என்று இவள் கேட்பாள். அவனுடைய வழியில் வந்த கிறிஸ்டினா மகாராணி உள்ளுக்குள் கத்தோலிக்கத்துக்கு மாறிக்கொண்டிருந்த நாட்களில், ரோமிலிருந்து இரண்டு குருமார்கள் ஊர் சுற்ற வந்த கனவான்களைப் போல வேடம் போட்டு வந்து அவளோடு பேசினார்கள். "ஒரு அரண்மனை முழுக்க ஆட்கள், ஒருவருக்கும் மூக்கில் வியர்க்கவில்லையாம், நம்புகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுக் கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பாள். அங்கே நிற்பவர்களில் யாராவது மாறுவேடத்தில் வந்திருக்கிறார்களோ என்று பார்ப்பது போலத்தான் இருக்கும்.

ஆனால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் கதை சிகிஸ்முண்ட் ராஜாவின் கதை. தாய் கத்தோலிக்கச்சி, பிள்ளையும் கத்தோலிக்கன். அப்பன் செத்ததும் சுவீடனின் முடி அவனுக்கு வர வேண்டும். போலந்தை ஆண்டுகொண்டிருந்த அவன் கடல் கடந்து வந்து சேருமுன்பே, 1593-ல், சுவீடன் குருமார் உப்சாலா நகரில் கூடி, இந்த நாடு லூத்தரன் நாடுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதை ஏற்பதாக உறுதி கொடுத்தால்தான் பட்டம். இழுத்துப் பார்த்தான், நடக்கவில்லை. கடைசியில் உறுதி கொடுத்தான், முடி சூடினான். பிறகு கொடுத்த வாக்கை மீறினான் என்று அவன் சித்தப்பன் படை திரட்டி அவனைத் துரத்தினான். பொய்ச் சத்தியக்காரன் என்பது ஜெயமலரின் தீர்ப்பு. இந்தக் கதையை வீட்டுக் குசினியில் கணவன் முன்னால் பலதடவை சொல்லிப் பழகியிருக்கிறாள். அவர் வெங்காயம் உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

கணவர் ஞானேஸ்வரன் பாலங்கள் கட்டிய எஞ்சினியர். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். ஜெயமலரின் அப்பா போதகர். பெண் கேட்டு வந்தபோது, ஞானஸ்நானம் எடுத்தால் கலியாணம், இல்லையென்றால் வந்த வழியே போகலாம் என்று அவர் சொல்லிவிட்டார். கலியாணத்துக்கு முதல் வாரம் கொழும்பில் ஞானேஸ்வரனுக்கு டானியல் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் ஒரு ஞாயிறு கூட அவர் ஆராதனைக்குத் தவறியதில்லை. பாட்டு மட்டும் பாடமாட்டார். பாமாலைப் புத்தகத்தைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு வாயை மூடி நிற்பார். தனக்குச் சுருதி சேராது என்பார்.

இப்படிப்பட்ட மனிதர் பங்குனி மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் காணாமல் போகத் தொடங்கினார். ஹார்ட்வேர் கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போவார். பின்னேரம் போனவர் இருட்டின பிறகு ஒரு பாக்கெட் ஆணியோடு வருவார். வீட்டில் ஆணி சேர்ந்ததே தவிர ஒன்றும் அடிபடவில்லை. வெள்ளி என்றால் முகம் வழித்துச் சலவைச் சட்டை போட்டார். மீன் குழம்பைத் தள்ளி வைத்து, கொலஸ்ட்ரோல் என்றார். சனிக்கிழமை மட்டும் அதே கொலஸ்ட்ரோலோடு ஆட்டிறைச்சி சாப்பிட்டார்.  ஜெயமலர் டெக்சாஸில் கேட்டி நகரத்தில் இருக்கும் மகள் மதுஷாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா ஆரையோ பாக்கப் போறார் பிள்ளை. எனக்கு டவுட்டா இருக்கு."

"அம்மா, ஹீ இஸ் சிக்ஸ்டி எய்ட். ஹூ வுட் ஹீ ஈவன் மீட்?"

"அறுபத்தெட்டு எண்டா கால் இல்லையோ? கார் இல்லையோ?"

மதுஷா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இவளுக்கு மகள்மீதும் ஒரு சந்தேகம் விழுந்தது. அப்பனும் மகளும் சேர்ந்து எதையோ மூடுகிறார்கள்.

தமிழ்ச் சங்கத்தில் அவரோடு சிரித்துப் பேசும் பெண்களையெல்லாம் மனதுக்குள் வரிசையாக நிறுத்தி விசாரித்தாள். ஒருத்தியும் தேறவில்லை. பிறகு ஒருநாள் உடுப்புத் தோய்க்கும்போது அவர் முகம் துடைக்கும் கைலேஞ்சியில் சாம்பல் படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். திருநீறு.

கைலேஞ்சியை மெஷினில் போடாமல் மடித்துத் தனியே வைத்தாள். வேறொருத்தி என்றால் நேரே போய் நாலு கேள்வி கேட்கலாம், தலைமுடியைக்கூடப் பிடிக்கலாம். முருகனிடம் போய் என்ன கேட்பது? அதைவிடப் பெரிய பயம் அவளுக்கு அப்போது வந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் வாங்கினது பொய் என்றால், அதை நம்பிக் கட்டின தாலியும் இத்தனை வருடக் குடித்தனமும் என்ன? அந்த மனிதர் சம்மதித்தது எதற்கு என்று தெரியாமல் அவளால் இனி ஒரு வாய் சோறு சாப்பிட முடியாது.

அந்தச் சனிக்கிழமை மியூசியத்தில் சிகிஸ்முண்டைக் கிழி கிழியென்று கிழித்தாள். வந்திருந்தவர்களில் ஒரு கிழவி கையை உயர்த்தி, துரத்திய சித்தப்பனாவது சுத்த லூத்தரனா என்று கேட்டாள். இல்லை, அவன் கல்வின் என்ற இன்னொரு சீர்திருத்தக்காரனின் பக்கம் சாய்ந்தவன் என்று குருமார் அவனையும் சந்தேகப்பட்டார்கள் என்று ஜெயமலர் சொல்ல வேண்டியதாயிற்று. கூட்டம் சிரித்தது. தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்று அவளுக்குப் பட்டது.

அடுத்த வெள்ளி அவர் காரை எடுத்ததும் இவளும் தன் காரை எடுத்தாள். ஃப்ரீவேயில் இரண்டு வண்டி பின்னால் விட்டே போனாள். பழைய கிடங்கு ஒன்றைக் கோயிலாக்கியிருந்தார்கள். வாசலில் செருப்புகளுக்கு நடுவே அவருடைய செருப்பு அருகருகே ஒழுங்காக இருந்தது. இவள் சப்பாத்தைக் கழற்றவில்லை. கதவு திறந்திருந்தது. வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்று எட்டிப் பார்த்தாள்.

உள்ளே தேவாரம் நடந்துகொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிமிர்ந்து, தனிக்குரலில் பாடிக்கொண்டிருந்தவர் ஞானேஸ்வரன். சுருதி ஒரு இழை பிசகவில்லை. கட்டின மனிதரின் பாட்டை அவள் முதல்முதலாகக் கேட்கிறாள், அதுவும் களவாக. அவளுக்குப் பொறாமை வந்தது. வெட்கமில்லாத, பச்சைப் பொறாமை.

பாட்டு முடிந்து வெளியே வந்தவர் அவளைக் கண்டார். திடுக்கிடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு பார்க்கிங்குக்கு நடந்தார். நெற்றியில் நீறு அப்படியே இருந்தது.

"உங்களுக்குப் பாட வருமோ?" என்றாள். கேட்க வைத்திருந்த கேள்வி அதுவல்ல.

"சின்னனில இருந்து பாடினனான். பங்குனியில தமிழ்ச் சங்கத்து வேலுமணி சும்மா இஞ்ச வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு வந்தவர். வாய் தானாத் திறந்திட்டுது."

"ஏன் மறைச்சனீங்கள்?"

"சொன்னா நீர் என்ன செய்திருப்பீர்?"

"கத்தியிருப்பன். அதுக்காகப் பொய் சொல்லுறதோ? கர்த்தருக்கு முன்னால சத்தியம் பண்ணினனீங்களப்பா. அந்தச் சிகிஸ்முண்டுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் காரில் சாய்ந்து நின்றார். "அவன்ர கதையைக் குசினியில எத்தினை தரம் கேட்டிட்டன். ஒரு கேள்வி கேக்கலாமோ? சத்தியம் பண்ணாட்டி அவனுக்கு முடி குடுத்திருப்பினமோ?"

"இல்லை."

"நான் தலையில தண்ணி வாங்காட்டி, நீர் என்னைக் கட்டியிருப்பீரோ?"

ஜெயமலர் வாயைத் திறந்தாள். கட்டியிருப்பேன், அப்பாவை எதிர்த்து வந்திருப்பேன் என்று சொல்ல எவ்வளவோ ஆசை. ஆனால் இருபத்தாறு வயதில் தான் எப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியும்.

"கட்டியிருக்க மாட்டன்."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார் அவர். குரலில் குறை இல்லை. "தெரிஞ்சுதான் குனிஞ்சனான். முடிக்காக இல்லை, மலர். எனக்கு நீர் வேணும்."

 ஆனாலும் அவள் விடவில்லை. மீதியிருந்த ஒரே சந்தேகத்தையும் எடுத்து வெளியே வைத்தாள்.

"அப்ப இவ்வளவு காலமும் ஞாயிற்றுக்கிழமையளில சேர்ச்சில ஆரைக் கும்பிட்டனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ."

ஞானேஸ்வரன் யோசித்தார். பொய் தேடுகிற யோசனை அல்ல என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"சில நாள் கும்பிட்டனான். சில நாள் ஒண்டும் வராது. அந்த நாளையில உமக்குப் பக்கத்தில இருந்தனான். அவ்வளவுதான்."

கர்த்தருக்கென்று அவள் கணக்கில் வைத்திருந்த ஞாயிறுகளில் எத்தனையோ தனக்கு வந்தவை. இதை அவள் எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தும் பொய்யாகவில்லை. போதகரின் மகள், மாற்றான் கோயிலின் பார்க்கிங்கில், போகிற வருகிறவர்கள் பார்க்க, விக்கி விக்கி அழுதாள்.