வேன் வந்த வருடம்

நான் நான்காம் வகுப்புக்குப் போகவிருந்த வருடம், கோவில்பட்டி இங்கிலீஷ் பள்ளி ஒன்றின் மஞ்சள் வேன் புதூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் வர ஆரம்பித்தது. கயத்தாறில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, எங்கள் ஊர் அரசுப் பள்ளியிலிருந்து என்னை எடுத்து அதில் ஏற்றிவிடுவதென்று முடிவு செய்தார். சித்தப்பா மகள் என்னோடு ஒரே வகுப்பு. சித்தப்பா இறந்தபின் சித்தி கூலிக்குத் தீக்குச்சி அடுக்கத் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். வேன் அவளுக்கு இல்லை என்பதை யாரும் தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

விஷயம் தெரிந்து எங்கள் பள்ளி டீச்சர் உச்சி வெயிலில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இவளும் போயிட்டா ஒம்பது பிள்ளைதான் மிச்சம். பள்ளிக்கூடத்த மூடிருவாங்க."

"நாங்க வாங்குத சோப்புக்குக்கூட வரி கட்டுதோம் டீச்சர். அதுக்கு ஒழுகுத கட்டடமும், அஞ்சு வகுப்புக்கு நீங்க ஒருத்தருமா?"

"அதத்தான் நானும் சொல்லுதேன். இது உங்க பள்ளிக்கூடம், வந்து சத்தம் போட்டுக் கேளுங்க. கேக்கத் தெரிஞ்சவிய எல்லாம் போயிட்டா, மத்த பிள்ளைகளுக்கு யாரு கேப்பா?"

டீச்சருக்குத் தண்ணீர் கொண்டுவரும்படி அப்பா அம்மாவிடம் சொன்னார்.

புதுப் பள்ளிக்கூட டையைக் காட்டச் சித்தி வீட்டுக்கு ஓடினேன். சித்தி மகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அங்கன மத்தியானம் முட்ட போடுவாவளா?" என்றாள்.

"இல்ல. சோறே வீட்லருந்துதான் கொண்டு போணும்."

"பெறவு எதுக்குட்டி அங்கன போற?"

வீட்டில் வந்து சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுவருடம் பள்ளியைப் பூட்டி, பிள்ளைகளை நாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊரில் சேர்த்தார்கள். ஐப்பசி மழையில் கரிசல் பாதை காலை விடாது. செருப்பைக் கையில் பிடித்தபடி அவள் ஓரமாக நடந்துபோவதை வேனிலிருந்து பார்த்தேன்.

"எங்க சித்தி மவ, ஏத்திக்கிடுங்கண்ணே."

"பீஸ் கட்டாத பிள்ளைய ஏத்துனா எனக்கு வேல போயிரும் தாயி" என்றார் டிரைவர். அவள் கையசைத்துக்கொண்டே பின்னால் போனாள்.

பொங்கலுக்குள் அவள் பாதையில் தென்படாமல் போனாள். சித்தி வேலைக்குக் கிளம்பியதும் ஆடுகளைப் பத்திக்கொண்டு காட்டுக்குப் போகிறாள் என்றார் அம்மா. அன்று சாயங்காலம், அர்த்தம் தெரியாத இங்கிலீஷ் வார்த்தைகளைப் பத்துப் பத்து தடவை எழுதிக்கொண்டிருந்த எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. கொடுத்துவைத்தவள் என்று அம்மாவிடம் வாய்விட்டே சொன்னேன்.