அம்மோனியா மேகம்

ராஜபாளையத்தில் அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். ஒருமுறை குழாய் வெடித்து அம்மோனியா முகத்தில் அடித்ததில் அவருக்கு நெஞ்சு வெந்துபோனது. அதற்குப் பிறகு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இருமல் வந்துவிடும். வந்தால் லேசில் நிற்காது. காசம் இல்லை என்று டாக்டர் சொல்லியும் தெருவில் யாரும் நம்பவில்லை.

அந்த வருஷம் அக்காவுக்குக் குரு பலன் இருந்தது. குரு அடுத்த ராசிக்குப் போவதற்குள் முடித்துவிடுங்கள், விட்டால் இழுக்கும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து பெண் பார்க்க வந்த அன்று, அக்கா அப்பாவின் வாயில் அதிமதுரத் துண்டு ஒன்றைத் திணித்தாள்.

"யாரு என்ன கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டுங்க. இருமினீங்கன்னா என் பொழப்பு போச்சு."

பஜ்ஜி தின்றபடி மாப்பிள்ளையின் சித்தப்பா என் பக்கம் திரும்பினார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது கல்லூரியில் இயற்பியல்.

"ஏலே தம்பி, சயின்ஸ் படிக்கியாமே. குரு எதுனால ஆனவரு, சொல்லு பாப்போம்."

கேலி என்று எனக்குத் தோன்றவில்லை. பரீட்சையில் கேட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தேன். "முக்கால்வாசிக்கு மேல ஹைட்ரஜன். அதுக்கடுத்து ஹீலியம். மீத்தேனும் அம்மோனியாவும் கொஞ்சம் போல. நமக்குத் தெரியிற மேகம் அம்மோனியா உறைஞ்சதுதான். கால் வச்சு நிக்கத் தரையே கிடையாது."

"தரையில்லாதவருக்கா நாம வியாழக்கெழமைதோறும் கொண்டக்கடலை மால போடுதோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவின் முகம் மட்டும் வேறு மாதிரி மலர்ந்திருந்தது. அதிமதுரத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"அம்மோனியாதான் எங்க கம்பெனியிலயும் ஓடுது. அது இல்லாட்டி ஐஸ் கட்டாது. பையன் சொல்லுதது சரிதான்."

"அப்போ குருவுக்கும் ஒங்க கம்பெனியிலதான் டூட்டியாக்கும்."

அப்பாவும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. குனிந்து, சுவரைப் பிடித்து, கண்ணில் நீர் வழிய இருமினார். மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கை மூடினார்.

"இது எம்புட்டு நாளா?"

அது வாயு பட்ட புண், தொற்றாது என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"நீ குருவப் பாத்தது போதும் தம்பி. ஒங்கப்பாவ ஆஸ்பத்திரியில காட்டு" என்றார் சித்தப்பா. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த மாதம் வன்னியம்பட்டியிலிருந்து ஆள் வந்தபோது அப்பாவை அக்கா கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். அன்று அவருக்கு லீவு. இடம் முடிவாகி, பூவும் வைத்துவிட்டுப் போனார்கள். பொழுது சாய வந்த அப்பா வாசலிலேயே நின்றார்.

"என்னையக் கேட்டாகளா?"

"கேட்டாக" என்றாள் அக்கா, பட்டுச்சேலையை மடித்துக்கொண்டே. "வெளியூர்ல வேலைன்னு சொல்லியாச்சு. தாலி ஏறுற வரைக்கும் நீங்க வெளியூர்லதான் இருக்கீங்க. பெரியப்பா தாரை வாத்துக் குடுப்பாரு."

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.