விலை சரி, பயணம் தப்பு

நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவர் எங்கள் அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர். மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் இரண்டு மேஜை, நாலு நாற்காலி, அவ்வளவுதான் அந்த ஏஜென்சி. எல்லாரும் கைபேசியிலேயே டிக்கெட் எடுக்கத் தொடங்கியதும் அதை மூடிவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், அவருடைய பிழைப்பில் கைவைத்தவர்களின் வகையறாதான் நாங்களும். ஆறு பேர், மூன்று அறை, ஓயாமல் இரையும் ஒரு ஏசி.

நாங்கள் எழுதிக்கொண்டிருந்த மென்பொருளை மனிதர்கள் நேரடியாகப் பார்க்கவே மாட்டார்கள். "அடுத்த மாசம் அப்பாவோட ஊருக்குப் போகணும், மலிவா பாரு" என்று தங்களுக்காக வேலை பார்க்கும் கைபேசி மென்பொருளான ஏஐ ஏஜென்டிடம் சொல்லிவிட்டு அவர்கள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். அந்த ஏஜென்ட் வந்து கேட்கும் இடம்தான் எங்கள் கருவி. விமானம், ரயில், ஓட்டல் எல்லாவற்றையும் துழாவி, எங்கே சலுகை இருக்கிறது என்று அது சொல்லும். அது சொல்வது சரியா என்று சரிபார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. மூன்று மாத வேலை. வந்தவர்களில் டிக்கெட் என்றால் என்னவென்று தெரிந்தவர் அக்கா மட்டும்தான்.

முதல் நாள் ஐம்பது சலுகைகளை அச்செடுத்துக் கொடுத்தேன். மதியத்துக்குள் முப்பத்தொன்றைச் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தார். அந்தக் கருவியின் நிரலை எழுதியவன் நான். சுருக்கென்றது.

"எல்லாத்துலயும் விலை சரியாத்தானேக்கா இருக்கு?"

"விலை சரி தம்பி. பயணம்தான் தப்பு. இதைப் பாருங்க, பதினொண்ணு பத்துக்கு ஒரு ஏர்போர்ட்ல இறக்கி விடுது. அடுத்த ஃப்ளைட் பன்னெண்டு இருபதுக்கு. ஆனா அது ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேற ஏர்போர்ட்டு. இந்த ஆளுக்கு ரெக்கை இருந்தா நம்ம கிட்ட எதுக்கு டிக்கெட் கேக்கப் போறாரு?"

அறை முழுக்கச் சிரித்தது, நானும்தான். அன்றிலிருந்து அவர் சொல்லச் சொல்ல நான் விதிகளாக எழுதினேன். எங்கே போக வேண்டும் என்பதற்கு முன்னால் யார் போகிறார்கள் என்று கருவி கேட்க வேண்டும். வயதானவரா, கைக்குழந்தை உண்டா, பெட்டி எத்தனை? ஒவ்வொரு சலுகைக்கும் கீழே அதில் என்ன சிரமம் என்று ஒரு வரி வர வேண்டும். அந்த வரிகளையெல்லாம் அக்காவே எழுதினார், எதிரே நிற்பவரிடம் பேசுவது போல.

இரண்டாம் மாதம், ஒரு பெரிய நிறுவனத்தின் மேலாளர் கருவியைப் பார்க்க வந்தார். அவர் வாங்கினால்தான் நாங்கள் அடுத்த வருடம் இருப்போம். எங்கள் முதலாளியான மேடம் புதுப் புடவையில் நின்றுகொண்டு விளக்கினார். மேலாளர் ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். ஏஜென்ட் கேட்டது, கருவி பாதி விலையில் ஒரு டிக்கெட்டை நீட்டியது. மேலாளர் கைதட்டப் போனார்.

"அந்த சீட்டு இப்ப இல்லைங்க" என்றார் அக்கா, மூலையிலிருந்து. "காலையில பத்தே காலுக்கே தீர்ந்துபோச்சு. நான் பார்த்தேன். இது பழைய விலையைக் காட்டுது."

மேலாளர் தன் கைபேசியில் பார்த்தார். உண்மைதான். தண்ணீர் குடித்தார், நன்றி சொன்னார், போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "ஒரு அஞ்சு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதாக்கா?"

"இருந்திருக்கலாம் தம்பி. அப்புறம் அதை நம்பி லீவு போட்டுட்டு, பெட்டி கட்டிட்டு உட்கார்ந்திருக்கிறவங்க கிட்ட யாரு போய்ப் பேசுறது? அந்த ஏஜென்ட்டா? இருபத்திரண்டு வருஷம் அந்த மூஞ்சிகளை நான்தான் பார்த்தேன்."

சொல்லிவிட்டு அக்கா சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போனார்.

மறுநாள் லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர், "இன்னிக்கு உன்னை அனுப்பிடுவாங்க. சாப்பாட்டு டப்பாவை மறக்காம எடுத்துட்டு வந்துடு" என்று சொல்லித்தான் வழியனுப்பினாராம். மேடம் அக்காவை உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்தேதான் இருந்தது.

"எனக்கு இன்னும் கோவம் போகலை. அது இருக்கட்டும். இதை எப்படிச் சரி பண்றது, சொல்லுங்க."

"கவுன்டர்ல நான் கம்ப்யூட்டர்ல பணம் கட்டுற பக்கம் வரைக்கும் போய், சீட்டு இருக்கான்னு பார்த்துட்டுத்தான் விலையே சொல்லுவேன். இதையும் அப்படிப் பழக்குங்க மேடம்."

பழக்கினேன். ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்பது விநாடி கூடியது. இவ்வளவு மெதுவாக இருந்தால் எவன் வாங்குவான் என்று முணுமுணுத்தேன்.

"ஒன்பது செகண்டா? என் முன்னாடி கால் மணி நேரம் காத்துக்கிட்டு இருப்பாங்க. உறுதியா கிடைக்கும்னு தெரிஞ்சா ஒருத்தரும் எழுந்து போனதில்லை."

பத்தொன்பது நாள் கழித்து அந்த மேலாளர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "அந்தம்மா இன்னும் அங்கதான் இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றார் மேடம்.

"அப்படின்னா பேசலாம்."

முதலில் ஒரே ஒரு பயண வழித்தடத்துக்கு மட்டும் கருவியை எடுத்தார்கள், பிறகு எல்லாவற்றுக்கும். அக்காவின் மூன்று மாத வேலை நிரந்தரமானது. இப்போது அவருக்குக் கீழே நான்கு பேர் சரிபார்க்கிறார்கள். சிவப்புப் பேனாவைத்தான் யாருக்கும் கொடுப்பதில்லை.

போன வாரம் சாப்பாட்டு வேளையில் வேறு ஊரிலிருந்து அவருடைய தங்கை கூப்பிட்டார். குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அக்கா, போன்ல இருக்கிற ஏஐ கிட்ட டிக்கெட் பாக்கச் சொன்னேன். 'இது மலிவுதான், ஆனா கைக்குழந்தையை வச்சுக்கிட்டு ஏழு மணி நேரம் நடுவுல உட்காரணும், உங்களால முடியுமா பாருங்க'ன்னு சொல்லுது. அப்படியே உன்னை மாதிரியே பேசுதுக்கா இந்த மெஷினு!"

அக்கா எங்களை ஒரு பார்வை பார்த்தார். "அப்படியா? நல்லா வளர்த்திருக்காங்க போல" என்றார். "அது சொல்றதைக் கேளு. அடுத்ததா காட்டுற டிக்கெட்டை எடு."